உதிரிபாகப் பட்டியல்

டிசம்பரில் எங்கள் ஊரில் சூரியன் எட்டிப்பார்ப்பதே இல்லை.
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை,
சாலை முனையில் வந்து நிற்கும் நூலகப் பேருந்தின்
மஞ்சள் ஜன்னல்கள்தான் எங்களுக்கு உச்சிப்பொழுது.

ஏழு வயதில் அதில் ஏறினேன்.
இன்னும் முழுதாக இறங்கவில்லை.

சவுனாவின் மேல்பலகையில் உட்கார்ந்து படித்ததில்
வெக்கையில் பசை இளகி
கையோடு வந்துவிட்டது ஒரு நாவலின் முதுகு.
வியர்த்த தாள்களை அவசரமாக அடுக்கித் திருப்பிக் கொடுத்தேன்.
ஓட்டுநர் ஹெல்வி
தூக்கிப் பார்த்தாள், டேப் ஒட்டினாள், ஒன்றும் கேட்கவில்லை.
எனக்கு அடுத்துப் படித்தவர்கள் எல்லாரும்
அந்தக் கதாநாயகன் செத்துப்போய்
அப்புறம்தான் கல்யாணம் செய்துகொண்டான்
என்றே நம்பியிருப்பார்கள்.

வியெனோ பிறக்க எட்டு வருடம் இருக்கும்போதே
அவளுக்கென்று ஒரு பெட்டி சேர்த்தேன்.
நூலகம் கழித்துக்கட்டியவை,
நான் படுக்கை விரிக்கும் ஓட்டலில்
பனிச்சறுக்கு வந்தவர்கள் மறந்துபோனவை.
முதலில் கரடி. பிறகு கடல்.
பிறகு அனாதைகள்.
அடியில்,
பன்னிரண்டு வயதுக்கு மேல் அழுவதற்கென்று நான்கு.

மூன்று முடிந்த அன்று பெட்டியைத் திறந்தேன்.
கரடியை ஒருமுறை பார்த்தாள்.
எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு
காலிப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து
"கிளம்பு" என்றாள்.

அவள் மனம் போனது வேறொன்றின் மேல்:
என் தம்பி எஸ்கோவின் பட்டறையில் கிடந்த
பனிவண்டி உதிரிபாகப் பட்டியல்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
பாதிக்குமேல் கிரீஸ் ரேகை.

இரவுதோறும் படித்தேன்.
எண் பதினேழு. எரிபொருள் வடிகட்டி.
எண் பதினெட்டு. வாஷர், சிறியது, நான்கு.
ஒரு வரியைத் தாண்டினால்
விரலை வைத்து மறிப்பாள்.
எழுத்துத் தெரியாதவளிடம்
எத்தனை முறை கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறேன்!
நாற்பது படுக்கை விரித்துவிட்டு வந்த முதுகோடு
கார்புரேட்டர் மிதவைக்கு
குரலை ஏற்றி இறக்கினேன்.

ஹெல்வியின் இடத்தில் இப்போது ஓட்டும் பையன்
"பாப்பாவுக்கு என்ன படிக்கிறீங்க?" என்றான்.
கரடிக் கதை என்றேன்.
கூசாமல்தான் சொன்னேன்,
கீழே இறங்கியபின் கூசியது.

போன ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
சுவர்கள் டப்பென்று வெடித்துக்கொண்டிருந்த இரவு.
பக்கம் தொண்ணூற்றாறில்
இயந்திரம் பிரிந்து பரவிக் கிடந்தது,
ஒவ்வொரு துண்டும் ஒரு புள்ளிக்கோட்டின் நுனியில்
வீடு திரும்பக் காத்திருந்தது.

"பதினெட்டு நாலு பேர்தானே?"
நாலு பேர்தான்.
"மூணுதான் இருக்கு."

எண்ணினேன். கண்ணாடி போட்டு எண்ணினேன்.
மூன்றுதான்.
நாற்பது வருடம் படித்த நான்
இத்தனை இரவில் ஒருநாளும் எண்ணவில்லை.

"நாலாவது எங்கே?"

அச்சுப்பிழை.
நுனிநாக்கு வரை வந்த சொல்லை விழுங்கினேன்.
அதற்குள் அவளே போர்வையை இழுத்துக்கொண்டாள்:
"வெளியே போயிருக்கு. குளிரும். வந்துடும்.
நாளைக்குப் படிக்கலாம்."
சொன்ன மூச்சிலேயே தூங்கியும் போனாள்.

எனக்குக் காலை ஆறு மணிக்கு ஷிப்ட்.
கரடியை எடுத்தேன், வைத்தேன்.
பட்டியலை மடியில் போட்டு
முதல் பக்கத்திலிருந்து தேட ஆரம்பித்தேன்.
வாஷர் இல்லாமல் அந்த வண்டி
எவ்வளவு தூரம் போகும்?
ஏரி நடுவில் நின்றுவிட்டால்?
ஓட்டுகிறவனுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இரண்டு மணிவாக்கில், பக்கம் இருநூற்று அறுபதில்,
ஒரு பிரேக் கம்பிக்குப் பக்கத்தில்,
எண் இல்லாமல், பேர் இல்லாமல்,
எந்தக் கோட்டிலும் சேராமல்
சின்னதாக ஒரு வளையம்.

அதுவாக இருக்கலாம்.
கிரீஸ் சொட்டாகவும் இருக்கலாம்.

பக்கத்தின் ஓரத்தை மடிப்பவர்களோடு
வாழ்நாளெல்லாம் சண்டை போட்டவள் நான்.
மடித்தேன்.